புகைக்கூண்டிலிருந்து இறங்கிய மூன்று படி கறுப்பு

எங்கள் வீட்டுப் பின்கட்டில், விறகு அடுக்கியிருக்கும் தாழ்வாரத்துக்கு எதிர்ச் சுவரோரம், ஒரு பழைய பலகார டின் இருக்கிறது. மாமியாரின் கல்யாணத்துக்கு அவர் பிறந்த வீட்டிலிருந்து சீர்ப் பலகாரம் போட்டு அனுப்பிய டின். பச்சைப் பெயின்ட் உதிர்ந்து, அடிப்பக்கம் துருவேறிவிட்டது. ஆனால் மூடி இன்றைக்கும் கரண்டிக் காம்பால் நெம்பினால்தான் திறக்கும். முதல் முறையாக அதில் கறுப்பு போட்ட வருஷம் மூன்று படி இருந்தது. அடுப்படிப் புகைக்கூண்டைச் சுத்தம் செய்தபோது இறங்கியது.

சுத்தம் செய்வதைக் கொத்தனார் பார்த்துக்கொள்கிறார். இறங்கிய கறுப்பை என்ன செய்வது என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன். அதற்கு முந்தைய வருஷம் அதைத் தெரியாமல் ஓரிடத்தில் கொட்டிவிட்டு, மழைக்காலம் முழுக்க எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்காமல் இருந்தோம்.

பள்ளத்தூரில் நான் பலகாரம் போட்டு விற்கிறேன். கை முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம். கேஸ் அடுப்பில் போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. பெரிய இரும்புச் சட்டி நிறைய எண்ணெய் ஒரே சூட்டில் நிற்க எனக்கு விறகுதான் வேண்டும். அதனால் பழைய அடுப்படியின் சுண்ணாம்புக் காரைப் புகைக்கூண்டை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் ஆறு அங்குல இரும்புக் குழாயை இறக்கி, கீழே கதவு வைத்த செங்கல் அடுப்பு கட்டிக்கொண்டேன். அடுப்படியில் புகையே இல்லை. வேலைக்கு வரும் பெண்கள் கண்ணைக் கசக்காமல் மாவு பிசைந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். புகை வீட்டுக்குள் வரவில்லை என்றால் குழாய்க்குள் என்ன ஆகிறது என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

இரண்டு தவறு செய்தேன். ஒன்று, அந்த ஐப்பசியில் வந்த சீமைக்கருவேல விறகு பச்சை. வெட்டிய முனையில் நுரை கட்டி, அடுப்பில் வைத்ததும் உஸ்ஸென்று சத்தம் போடும். இன்னொன்று, ராத்திரி இரண்டு பெரிய கட்டைகளை உள்ளே தள்ளி, காற்றுவாயை மூடிவிட்டுப் படுப்பேன். விடிகாலையில் தணல் இருக்கும், பற்றவைக்கும் வேலை மிச்சம். மாமியார் காலத்தில் உமி மூட்டம் போட்ட பழக்கம் அது. ஆனால் அவர் காலத்து அடுப்பு திறந்த அடுப்பு. மூடிய அடுப்பில் காற்றில்லாமல் ராத்திரி முழுக்கப் புகைந்த கட்டை, குழாய் நெடுக ஆறிப்போய்ப் படிந்தது.

ஒருநாள் காலையில் சவுக்கு மிலாறைப் போட்டு நெருப்பை நன்றாக ஏற்றினேன். குழாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம். மேட்டில் லோடு லாரி ஏறுகிற மாதிரி உறுமல். குழாயின் கழுத்து மங்கலாகச் சிவந்தது. எண்ணெய்ச் சட்டியை இரண்டு பேராகத் தூக்கி முற்றத்தில் வைத்தோம். நான் அடுப்புக் கதவையும் காற்றுவாயையும் மூடினேன், பையன் 101க்குப் போன் செய்தான். வண்டி வருவதற்குள் உறுமல் அடங்கிவிட்டது. குழாய்க்குள் படிந்திருந்ததே பற்றி எரிந்திருக்கிறது என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். அப்படி எரியும்போது சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். யாரும் பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றாமல் இருந்தது நல்லது. அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் காரை வெடித்துவிடும். எங்கள் உத்தரமெல்லாம் பர்மா தேக்கு. அன்றைக்கு ஒரு பொறி கூரைக்குள் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டேன். மூங்கிலில் கம்பி பிரஷைக் கட்டி மேலிருந்து இறக்கினார். எரியாமல் மிச்சமிருந்ததே ஒரு உரச் சாக்கில் பாதிக்கு வந்தது. அள்ளிப் பார்த்தேன். மூன்று விதமாக இருந்தது. கீழ்ப்பகுதியில் வந்தது மெத்தென்ற கறுப்புப் பொடி, விரலில் ஒட்டினால் கண்மை மாதிரி இழுபடும். நடுவில் வந்தது உடைந்த கருப்பட்டிச் சில்லு மாதிரி, ஓரம் கூர்மை, உள்ளே துளை துளையாக, நொறுக்கினால் சரக் சரக்கென்று உடையும். உச்சியில் குழாய் ஆறிக் கிடந்த இடத்தில், பாகு காய்ச்சி ஊற்றியது மாதிரிப் பளபளவென்று ஒட்டிக் கிடந்தது. அது பிரஷுக்கு வரவில்லை. கொத்தனார் கொத்துக்கரண்டியால் நெம்பினார், அப்படியும் வராமல் கடைசியில் உச்சிக் குழாய் ஒரு துண்டை மாற்றவேண்டி வந்தது. அவர் இதை ‘கீல்’ என்பார். புத்தகப் பெயர் கிரியோசோட்.

அந்தச் சாக்கைத்தான் நான் கிணற்றடியில் முருங்கை மரத்தின் கீழே கொட்டச் சொன்னேன். அடுப்பிலிருந்து வந்ததுதானே, சாம்பல் மாதிரி உரமாகட்டும் என்று நினைத்தேன். கொஞ்சத்தைக் கீரைப் பாத்தியிலும் தூவினேன்.

மூன்றாம் நாள் நல்ல மழை. விட்டதும் கிணற்றடிக்குப் போனேன். முருங்கையின் தூரிலிருந்து தேங்கிய தண்ணீர் தேயிலைச் சாறு நிறத்தில் வழிந்து, கிணற்று மேடையின் விரிசல் வரைக்கும் வந்திருந்தது. மேலே மயில் கழுத்து நிறத்தில் மெல்லிய படலம். குனிந்து முகர்ந்தேன். பினாயில் வாடை. தீய்ந்த விறகும் பினாயிலும் கலந்த ஒரு வாடை. வாளியில் ஒரு கை தண்ணீர் இறைத்து மூக்கருகே கொண்டு போனேன். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததே போதும் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கிணறு என்றால் என்ன என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். ஊருணித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வாழ்ந்த ஊர்கள் இவை. ஓடு வழியாக முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரைக் கிடாரத்தில் பிடித்து, மிச்சத்தைக் கிணற்றுக்கு விடும் வீடு எங்களுடையது. 2003இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மாமியார் சிரித்துக்கொண்டே, “நம்ம வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்” என்றார். அந்தக் கிணற்றை என் கையாலேயே கெடுத்துவிட்டேனோ என்று அன்று ராத்திரி தூக்கமில்லை. காலையில் ஆளை வைத்து முருங்கையடி மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி அள்ளினோம். கீரையைப் பிடுங்கி எறிந்தோம். கிணற்றை மூன்று தடவை இறைத்தோம். அப்படியும் அந்த வருஷம் சமையலுக்கு கேன் தண்ணீர்தான்.

பக்கத்துத் தெருவில் காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார் இருக்கிறார். வேதியியல்காரர். அவரிடம் ஒரு சில்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். திண்ணையில் உட்கார வைத்து அரைமணி நேரம் சொன்னார்.

“ஆச்சி, சாம்பல் வேற, கரி வேற, இது வேற. விறகுல நெருப்புக்கு எரிக்க முடியாம நின்ன உப்பும் சுண்ணாம்பும் சாம்பல். அது செடிக்கு ஆகும். புகையெல்லாம் போனப்புறம் மிச்சம் நிக்கிறது கரி. இது அந்தப் புகையேதான். எரியாமத் தப்பிச்சு மேல போயி, குழாய்ல குளுந்து, திரும்பக் கட்டியானது.”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. புகை 120 டிகிரிக்குக் கீழே ஆறினால் அதிலிருக்கும் நீராவியும் தாரும் குழாயின் உள்பக்கம் சேர்ந்து படியும் என்றார். விறகு ஈரமாக இருந்தால் சூடெல்லாம் ஈரத்தைக் காய்ச்சவே போய்விடும், காற்று குறைந்தால் புகை எரியாது, இரண்டும் சேர்ந்தால் என் வீட்டில் நடந்தது நடக்கும். அந்தப் பினாயில் வாடைக்குக் காரணமும் சொன்னார். கீலில் இருக்கும் பீனால் வகைகள்தான் அது, பினாயிலுக்குப் பெயர் வந்ததே அதிலிருந்துதான்.

கிரியோசோட் என்ற பெயரைக் கொடுத்தவர் ரைகன்பாக் என்ற ஜெர்மன் வேதியியலாளர். 1830களின் தொடக்கத்தில் மரத் தாரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். கிரேக்கத்தில் ‘மாமிசத்தைக் காப்பது’ என்று அர்த்தமாம். எனக்கு உடனே ஆயா வீட்டு அடுப்படி நினைவுக்கு வந்தது. விதைக்கு வைத்த சோளக்கதிரை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். புகை படிந்தால் வண்டு அரிக்காது. வண்டுக்கு ஆகாதது கீரைப் பாத்திக்கு எப்படி ஆகும் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சார் சொன்ன இன்னொரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. 1775இல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், புகைக்கூண்டு துடைப்பவர்களுக்கு விரைப்பையில் வரும் ஒரு புற்றுக்குக் கூண்டில் படியும் புகைக்கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலால் புற்று வரும் என்று முதல் முதலாகச் சொல்லப்பட்டது அப்போதுதான். சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே கூண்டுக்குள் ஏற்றிவிடப்பட்டவர்கள் அவர்கள். அதன் பிறகும் சட்டம் மேல் சட்டமாகப் போட்டு, பிள்ளைகளை ஏற்றுவது ஒருவழியாக நின்றது 1875இல்தான். நூறு வருஷம். இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அந்தத் தொழிலில் படும் புகைக்கரியை மனிதருக்குப் புற்று வரவழைக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. இதைக் கேட்ட பிறகு, வெறும் கையால் மூங்கிலைப் பிடித்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேலேறிய கொத்தனாரின் முகம் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நின்றது. வேலை முடிந்து எச்சில் துப்பியபோது கறுப்பாக இருந்ததை நானே பார்த்தேன்.

இப்போது எங்கள் வீட்டு நடைமுறை இது. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், புரட்டாசியிலேயே சுத்தம். அடுப்பு இரண்டு நாள் ஆறியிருக்க வேண்டும். கொத்தனாருக்கு ரப்பர் கையுறை, என்-95 முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. முதல் தடவை, “எதுக்கு ஆச்சி இதெல்லாம்?” என்று கூச்சப்பட்டார், இப்போது அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார். அடுப்பு வாயில் ஈரச் சாக்கு கட்டுவோம். இறங்கியதை அப்படியே வாரக்கூடாது, தூசி எழும்பும். மாவுக்குத் தண்ணீர் தெளிக்கிற அளவுக்குக் கையால் லேசாகத் தெளித்துவிட்டு, இரும்புச் சட்டியில் வாரி டின்னில் போட்டு மூடுவோம். தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளுவது மட்டும் கூடவே கூடாது. கறுப்புத் தண்ணீர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

பிளாஸ்டிக் பையில் நேராகப் போடுவதில்லை. அதுவும் ஒருவகை எரிபொருள்தான், உள்ளே ஒரு கங்கு ஒளிந்திருந்தால் போதும். டின்னைத் தரையில் செங்கல் மேல் வைத்து, விறகிலிருந்து தள்ளி, ஒரு வாரம் அப்படியே விடுவோம். சாம்பலை அதில் கலப்பதே இல்லை. சாம்பலுக்கு வேறு சட்டி, அதற்கு வேறு வேலை இருக்கிறது, பித்தளை அண்டா தேய்க்கப் புளியோடு சாம்பல்தான் வேண்டும். கீலைத் திரும்ப அடுப்பிலேயே போட்டு எரித்துவிடலாமே என்று தங்கச்சி கேட்டாள். எரியும்தான். ஆனால் திடீரென்று சூடு எகிறும், எரியாத மிச்சம் மறுபடி குழாயில்தான் போய்ப் படியும். வேண்டாம்.

கூரை ஓட்டில் சிந்தியதையும் அன்றைக்கே பெருக்கி எடுக்கிறோம். முதல் மழைத் தண்ணீரைக் கிடாரத்துக்கும் கிணற்றுக்கும் விடாமல் வாசல் பக்கம் திருப்பிவிடுகிறோம்.

ஒருமுறை அடுப்படி வாசலில் ஆத்தங்குடிக் கல் மேல் ஒரு சில்லு விழுந்து, யாரோ மிதித்துத் தேய்த்துவிட்டார்கள். பூப்போட்ட சிவப்புக் கல், நாலு தலைமுறைப் பாதம் பட்டு மெருகேறியது. ஈரத்துணியால் துடைத்தவுடன் கறை அகலமாகிவிட்டது. அப்புறம் தவிட்டைக் கொட்டி அழுத்தி எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. பெரும்பாலும் போய்விட்டது, பூவின் ஓர் இதழ் மட்டும் இன்னும் மங்கல். கையில் பட்டாலும் அதே வைத்தியம்தான். முதலில் தேங்காய் எண்ணெய், அப்புறம் சீயக்காய். எண்ணெய் தடவாமல் சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல்தான் எரியும்.

கொத்தனார் போன வருஷம் டின்னைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “ஆச்சி, இதைக் குடுத்தீங்கன்னா எண்ணெயில கொழச்சு மாட்டுக் கொட்டாய்க் கம்புக்குப் பூசிருவேன். கரையான் அண்டாது. ரயில் கட்டைக்கெல்லாம் இதானே பூசுறாங்க?”

அவருக்குக் கரையான் எவ்வளவு பெரிய தொல்லை என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு நிலைக்கதவையே அரித்திருக்கிறது. அதனால் சட்டென்று மறுக்கவில்லை, சாரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பெயர் ஒன்றுதான், பொருள் வேறு என்றார் அவர். ரயில் கட்டைக்குப் போனது நிலக்கரித் தாரிலிருந்து வடித்தது. பெரிய இரும்பு உருளைக்குள் கட்டையை அடைத்து, அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றுவார்கள். அதுவும் நஞ்சுதான். அந்தப் பழைய கட்டையை வாங்கி அடுப்பெரிக்கவே கூடாது. நம் குழாய்க் கீலைக் கம்பில் பூசினால் உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். மாடு உரசும், நக்கும். பால் கறக்கிற கையில் ஒட்டும்.

அதையெல்லாம் கொத்தனாரிடம் சொல்லிவிட்டு, முந்திரித்தோட்டு எண்ணெய் ஒரு டின் வாங்கிக் கொடுத்தேன். படகுக் கட்டைக்கும் மரத்துக்கும் காலங்காலமாகப் பூசுகிற எண்ணெய் அது. தோலில் பட்டால் கொப்புளம் போடும், கையுறையோடு பூசி நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மாட்டைக் கட்டவேண்டும் என்றும் சொன்னேன். அதே முந்திரித்தோட்டைச் சிலர் மலிவாகக் கிடைக்கிறதென்று அடுப்பில் போடுகிறார்கள். குழாய் வைத்த அடுப்பில் அதைப் போடாதீர்கள். அந்த எண்ணெய்ப் புகை தொண்டையை அறுக்கும், குழாயையும் அடைக்கும்.

ஒரு வாரம் ஆனதும் டின்னிலிருப்பதை இரட்டை உரச் சாக்கில் மாற்றிக் கட்டி, ‘புகைக்கூண்டுக் கரி, கையில் தொடவேண்டாம், எரிக்கவேண்டாம்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுவேன். பேரூராட்சி வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் நானே நின்று கொடுப்பேன். மக்கும் குப்பையில் போட்டால் எருவாகி யாரோ ஒருவர் தோட்டத்துக்குப் போய்விடும். பெயின்ட் டப்பா, பூச்சிமருந்துப் புட்டி மாதிரி இதையும் தனியாக வைக்கச் சொல்வேன். முதல் தடவை அந்த அம்மா, “சாம்பல்தானே ஆச்சி, நான் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க எடுத்துக்கிறேனே” என்று கையை நீட்டினார். அந்த நொடிக்காகத்தான் நான் வாசலில் நிற்கிறேன். சாம்பல் ஒரு பை தனியாகக் கொடுத்தேன். இப்போதெல்லாம் இரண்டு பையும் தயாராக இருக்கும்.

கறுப்பு குறைய வேண்டுமென்றால் விறகைத்தான் கவனிக்க வேண்டும். மாசியிலேயே வாங்கிப் பிளந்து, தரையில் படாமல் சவுக்குக் கம்பின் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கவாட்டில் காற்று விடுகிறேன். சித்திரை, வைகாசி வெயில் போதும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது ‘டங்’கென்று பேசும், பச்சை ‘தொப்’பென்று அமுங்கும். முனையில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விட்டிருக்கும். ராத்திரி மூட்டம் போடுவதை நிறுத்திவிட்டேன். விடிகாலையில் கால் மணி நேரம் முன்னால் எழுந்திருக்கிறேன், அவ்வளவுதான். மாதம் ஒருதரம் குழாயின் கழுத்து மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். படிவு மூன்று மில்லிமீட்டர் ஆனால், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பத்து ரூபாய் நாணயம் அடுக்கிய கனம் வருவதற்கு முன்பே, கொத்தனாருக்குச் சொல்லிவிடுவேன்.

இந்தப் புரட்டாசியில் இறங்கியது அரைப்படிகூட இல்லை. எல்லாம் பொடி, ஒரு சில்லுகூடக் கிடையாது. கொத்தனார் டின்னைக் கையில் தூக்கிப் பார்த்து, “வெறும் டின்னு மாதிரி இருக்கு ஆச்சி” என்றார். கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.